ராக் இசைக்குழுவின் கூடவே இருந்து ஆவணப்படம் எடுக்க: வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் பயிற்சி செய்யும் நால்வர் ராக் குழு ஒன்றோடு 19 மாதங்கள் சுற்றி, 64 நிமிட ஆவணப்படம் ஒன்றை முடித்திருக்கிறேன். முடிந்த படத்தில் இருப்பதைவிட, அதில் இல்லாமல் போன 11 நிமிடங்கள்தான் என்னை இதை எழுத வைத்தன. அவற்றில் 7 நிமிடங்கள் ஒரு கையெழுத்து இல்லாததால் போயின. 4 நிமிடங்கள் ஒரு பாட்டின் உரிமை கிடைக்காததால் போயின. இரண்டும் படத்தின் மிகச் சிறந்த காட்சிகள். நெருக்கமான படம் என்றால் கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது என்று நினைத்து இறங்கினேன். உண்மையில் அந்த நெருக்கம் முதல் மாதத்தில் நீங்கள் எழுதி வாங்கும் காகிதங்களைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. நீங்களும் ஒரு குழுவைப் பின்தொடர நினைத்தால், கீழே உள்ள வரிசையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

1. முதல் ஆறு வாரம் கேமரா வேண்டாம்

பயிற்சிக்குப் போய்ச் சும்மா உட்காருங்கள். ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) தூக்க ஆள் தேவைப்பட்டால் தூக்குங்கள், டீ வாங்கிவரச் சொன்னால் வாங்கி வாருங்கள். இந்த ஆறு வாரத்தில் ஒரு சின்ன நோட்டில் மூன்று விஷயங்களை மட்டும் எழுதி வைத்தால் போதும்: யார் எந்த நாளில் எந்த வேலைக்குப் போகிறார், பாட்டுகளில் எது யார் எழுதியது, யாருக்கு யாரோடு பேச்சு அறுந்து அறுந்து ஒட்டுகிறது. எங்கள் குழுவில் பாடகர் உணவு விநியோக வண்டி ஓட்டுபவர். கிட்டார் வாசிப்பவர் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலைக்கு விடியற்காலை 3 மணிக்குப் போய்விடுவார். அதனால் இரவு 9 மணிக்கு மேல் அவர் முகத்தில் தூக்கம் தவிர வேறெதுவும் தெரியாது. இது தெரியாமல் நான் முதலில் வகுத்த படப்பிடிப்பு அட்டவணை முழுக்க இரவு நேரமாக இருந்தது. அதைக் கிழித்துப் போட்டேன்.

வீட்டாரையும் இந்த ஆறு வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். டிரம்ஸ் வாசிப்பவரின் அம்மா மூன்றாவது சந்திப்பில் என்னிடம், “நீ படம் புடி கண்ணு, ஆனா நான் அழுவுறத மட்டும் போடாத” என்றார். அதை அப்போதே நோட்டில் எழுதி, பிறகு ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்த்தேன். இத்தகைய எல்லைகள் கேமரா வருவதற்கு முன்னால்தான் வாயிலிருந்து வரும். கேமரா வந்தபின் யாரும் கேட்கமாட்டார்கள், மனத்துக்குள் வைத்துக்கொள்வார்கள்.

2. கையெழுத்துகள்: மூன்று வகைக் காகிதம்

புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் படிவத்தை அச்சிட்டு நீட்டாதீர்கள். படிக்காமல் போட்ட கையெழுத்து சண்டை வரும் நாளில் உங்களுக்கு உதவாது. தமிழிலேயே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

முதல் காகிதம், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுக்கும் ஒப்புதல். குழுவின் பெயரில் ஒருவர் எல்லோருக்கும் சேர்த்துப் போடும் கையெழுத்தை நம்பாதீர்கள். பெரும்பாலான குழுக்கள் பதிவு செய்யப்பட்ட அமைப்பே அல்ல, நான்கு நண்பர்கள் மட்டுமே. படத்தில் அடிக்கடி வரும் வீட்டார், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் என்றால் அவர்களுடைய பெற்றோர், வீட்டு உரிமையாளர் ஆகியோரிடமும் தனித்தனியே வாங்குங்கள். அடையாளச் சான்றாக ஆதார் நகல் வாங்கினால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கிடைக்கும் நம்பிக்கை பெரியது.

இரண்டாவது, நிகழ்த்துநர் ஒப்புதல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் மேடையில் வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் தனி உரிமை தருகிறது. தன் நிகழ்ச்சியைப் படத்தில் சேர்க்க எழுத்து மூலம் ஒருமுறை சம்மதித்தவர், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதைப் பிறகு தடுக்க முடியாது. ஆனால் வணிகப் பயன்பாட்டில் அவருக்குரிய பங்கு அவருக்கு உண்டு. இதில் “எழுத்து மூலம்” என்பதைத்தான் நான் கோட்டை விட்டேன். டிரம்ஸ் வாசிப்பவர் வாயால் சம்மதித்திருந்தார். காகிதத்தை “அடுத்த வாரம், அடுத்த வாரம்” என்று நானே தள்ளிக்கொண்டிருந்தேன். 14ஆவது மாதம், ஒரு பொங்கல் நிகழ்ச்சிக்கு வந்த பணத்தைப் பிரிப்பதில் கொட்டகைக்குள் பெரிய சண்டை நடந்து, அது முழுக்கப் பதிவாகியிருந்த மறுவாரமே அவர் விலகிவிட்டார். காகிதத்தோடு அவர் வீட்டுக்குப் போனபோது சத்தமே இல்லாமல் சொன்னார்: “இல்லணா, அந்த பேண்டுல நான் இல்ல. படத்துலயும் அந்தச் சண்டை வேணாம்ணா.” மற்ற காட்சிகளுக்குக் கையெழுத்துப் போட்டார், இதற்கு மட்டும் போடவில்லை. அந்த 7 நிமிடங்கள் இன்றும் ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன. அவர் செய்தது தவறு என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாவது, பாட்டுகளின் உரிமை. பாட்டுப் பட்டியல் ஒன்று தயாரித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, பதிவுக்குப் பணம் கட்டியவர் யார் என்று மூன்று கட்டங்கள் போட்டு, நால்வரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள். “எல்லாரும் சேர்ந்து போட்டதுதான்” என்பார்கள். அந்தப் பதிலை ஏற்காதீர்கள், பாட்டுப் பாட்டாகக் கேளுங்கள். பழைய பதிவு ஒன்றைப் படத்தில் சேர்ப்பதானால், அந்த ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் யாரோ அவரே அதன் உரிமையாளர் என்பதால், ஸ்டூடியோக் கட்டணத்தை யார் கட்டினார் என்ற ரசீதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

காலமும் எல்லையும் எழுதாத உரிமை ஒப்பந்தம் ஒரு பொறி. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதி ஆகிவிடும். ஆவணப்படம் ஓராண்டில் முடிவது அரிது என்பதால் இந்த மூன்றையும் கட்டாயம் எழுதுங்கள். முத்திரைத்தாளின் மதிப்பு அவ்வப்போது மாறுவதால் பத்திர விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். வரைவை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எனக்கு 15,000 ரூபாய் ஆனது, முழுச் செலவிலேயே உருப்படியான 15,000 அதுதான்.

3. அடுத்தவர் பாட்டு வாசிக்கும் குழு என்றால்

எந்தக் குழுவும் தன் பாட்டை மட்டும் வாசிப்பதில்லை. மேடையில் கூட்டம் எழுந்து ஆடுவது பெரும்பாலும் பழைய சினிமாப் பாட்டை ராக் தாளத்தில் வாசிக்கும்போதுதான். கேமராவும் அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கும். நிகழ்ச்சி அமைப்பாளர் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் ஆகியோரின் உரிமைச் சங்கம்) உரிமம் வாங்கியிருக்கிறார் என்பதால் உங்கள் படத்துக்கும் அது செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். அது அந்த மேடையில் அந்த இரவில் பாடுவதற்கான அனுமதி. படக்காட்சியோடு பாட்டைச் சேர்ப்பதற்குப் பாட்டின் உரிமையாளரிடம், சினிமாப் பாட்டு என்றால் பெரும்பாலும் இசை நிறுவனத்திடம், தனியாக எழுதி வாங்க வேண்டும். “5 வருஷம் ஆன பாட்டை யாரும் கவர் பண்ணலாம்” என்று குழுவில் ஒருவர் நிச்சயம் சொல்வார். கவர் என்றால் அடுத்தவர் பாட்டைத் தாமே மீண்டும் பாடிப் பதிவது. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அது ஒலிப்பதிவுக்கு மட்டும் உரியது, அதற்கும் முன்னறிவிப்பு, முன்பணம் என்று நிபந்தனைகள் உண்டு. படத்துக்கு அது பொருந்தாது.

நான் ஒரு நிறுவனத்துக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பி, ஐந்து மாதம் காத்திருந்து, கடைசியில் கேட்கப்பட்ட தொகை என் முழுப் படத்தின் செலவைத் தாண்டியதால் அந்த 4 நிமிடங்களை வெட்டினேன். இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. படப்பிடிப்பு உள்ள நிகழ்ச்சிகளில் குழுவின் சொந்தப் பாட்டுகளை முதல் அரைமணி நேரத்தில் வைக்கச் சொல்லி முன்பே பேசிக்கொள்ளுங்கள். அடுத்தவர் பாட்டு ஓடும்போது மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தை, கைகளை, மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வீட்டாரை எடுத்து, பிறகு அந்தக் காட்சிகளுக்குக் குழுவின் சொந்த இசையைப் போடுங்கள். பெட்டிக்கடையில் ஓடும் பண்பலைப் பாட்டு, ஆட்டோவில் ஓடும் பாட்டு எல்லாமும் இதே கணக்குத்தான்; நேர்காணல் தொடங்குமுன் அணைக்கச் சொல்லுங்கள்.

4. இடங்களுக்கான அனுமதி

கொட்டகைக்கு வீட்டு உரிமையாளரின் கடிதம் போதும். நிகழ்ச்சி நடக்கும் மண்டபத்துக்கு அமைப்பாளரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். “படம் எடுக்கலாம்” என்பதோடு “எடுத்ததை வெளியிடலாம்” என்பதும் அதில் இருக்க வேண்டும். தெருவில் போக்குவரத்து தடைப்படும்படி எதையும் வைப்பதானால் காவல் துறைக்கும் மாநகராட்சிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். கையில் ஒரே கேமராவோடு நடந்து எடுக்கும் அளவிலேயே வைத்துக்கொண்டால் பெரும்பாலான தொல்லைகள் எழாது. அப்போதும் உங்கள் பெயரும் முகவரியும் அச்சிட்ட லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம், அடையாள அட்டை, குழுவினரின் ஒப்புதல் நகல் ஆகியவற்றைப் பையிலேயே வைத்திருங்கள்.

ரயில் நிலையம் வேறு. வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் நால்வரும் கிட்டார்ப் பைகளோடு நிற்பது அழகான காட்சிதான். ஆனால் தெற்கு ரயில்வேயிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி அனுமதி பெறாமல் நடைமேடையில் படம்பிடிக்கக் கூடாது. நான் அந்தக் காட்சியை நிலையத்துக்கு வெளியே, படிக்கட்டு தெரியும் தெருவில் எடுத்துக்கொண்டேன். துறைமுக வளாகத்துக்குள்ளும் அவ்வாறே அந்த நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். ட்ரோன் ஆசை இருந்தால், பறக்கவிடுமுன் ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த வண்ண மண்டலத்தில் விழுகிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. வடசென்னையில் துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதை மறக்காதீர்கள்.

5. ஒலி

ராக் குழுவைப் படமெடுப்பவரின் முதல் எதிரி சத்தம். எங்கள் கொட்டகை 12க்கு 10 அடி; மேலே தகரம், சுவர் முழுக்க முட்டை அட்டைகள். முட்டை அட்டை சத்தத்தை வெளியே போகாமல் தடுக்காது, எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். முதல் நாள் கேமராவின் சொந்த மைக்கில் எடுத்ததைக் கேட்டால் ஸ்நேர் (டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் முரசு) அடி விழும் ஒவ்வொரு முறையும் தாளைக் கிழிப்பது போல இருந்தது. தனி ரெக்கார்டர் கட்டாயம் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்து, ஒலி அளவைத் தாழ்த்தி, கூடவே இன்னும் தாழ்ந்த அளவில் ஒரு பாதுகாப்புத் தடமும் ஓடும்படி வையுங்கள். 32 பிட் ஃப்ளோட் கருவி (மிகச் சிறிய சத்தத்தையும் மிகப் பெரிய சத்தத்தையும் சிதையாமல் பதியும் ரெக்கார்டர்) இருந்தால் அளவைப் பற்றிய கவலை குறையும்; ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது என்பதால் டிரம்ஸுக்கு நேராக மென்மையான மைக்கை வைக்காதீர்கள்.

மேடையில் மிக்ஸரிலிருந்து (மைக்குகளின் ஒலிகளைக் கலக்கும் கருவி) நேரடியாக ஒரு கம்பி இணைப்பு எடுத்துவிட்டால் போதும் என்று சொல்வார்கள். சின்ன மண்டபத்தில் கிட்டார் ஆம்பும் டிரம்ஸும் தாமே போதிய சத்தம் போடுவதால், அவற்றை மிக்ஸரில் ஏற்றியே இருக்கமாட்டார்கள். உங்களுக்குக் கிடைப்பது பாடகரின் குரல் மட்டும் தனியே கத்தும் ஒரு விசித்திரமான பதிவாக இருக்கும். ஆகவே அந்த இணைப்போடு, அரங்கின் நடுவில் ஒரு ஜோடி மைக்கையும் வைத்து, இரண்டையும் பிறகு கலக்குங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்தால் ஒலியையும் படத்தையும் பொருத்துவது எளிது.

படத்தின் உயிரான பேச்சு பாட்டு முடிந்தபின்தான் வரும். ஆம்பை அணைத்து, வியர்வையைத் துடைத்து, கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டே பேசும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் பாடகர் தன் வண்டிக் கடனைப் பற்றிச் சொன்னார். காதில் இரைச்சல் இருப்பதால் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேசுவார்கள். அதற்கேற்ப ஒலி அளவை வையுங்கள், ரெக்கார்டரை மட்டும் அணைக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்தச் சொல்லலாம், ரயிலை நிறுத்த முடியாது. பேசின்பிரிட்ஜிலிருந்து பெரம்பூர் நோக்கிப் போகும் தண்டவாளம் பக்கத்தில் என்பதால், நேர்காணல் தொடங்குமுன் அரைமணி நேரம் உட்கார்ந்து ரயில்களின் இடைவெளியைக் குறித்துக்கொண்டேன்.

படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்), ஷட்டர் வேகம் 1/50 நொடி என்று வையுங்கள். 24இல் வைத்துக் குழல் விளக்கின் கீழ் எடுத்த என் முதல் நாள் காட்சிகள் முழுக்க மினுக்குகின்றன. உங்கள் காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். இது ஆடம்பரம் அல்ல.

6. செலவு

என் கணக்கை அப்படியே தருகிறேன். பழைய கேமராவும் ஒரு லென்ஸும் 62,000, ரெக்கார்டரும் இரண்டு மைக்கும் 38,000, பெரிய நிகழ்ச்சிகளுக்காக 9 நாள் வாடகைக்கு எடுத்த இரண்டாம் கேமரா 22,500, 12 நாள் ஒலிப்பதிவாளர் 42,000, ஹார்ட் டிஸ்க் மூன்று 31,500, பயணமும் சாப்பாடும் 41,000, வண்ணத் திருத்தமும் இறுதி ஒலிக்கலவையும் 75,000, அனுமதிக் கட்டணங்கள் 18,000, வழக்கறிஞர் 15,000. ஆக 3,45,000 ரூபாய். படத்தொகுப்பை நானே செய்ததால் அதற்குக் கூலி போடவில்லை. வாடகைக் கடையில் அடையாளச் சான்றோடு காசோலை ஒன்றையும் பிணையாகக் கேட்பார்கள். தொகை எழுதாத காசோலையைக் கொடுக்காதீர்கள், எடுக்கும்போதே கருவியின் கீறல்களைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். சாப்பாட்டுச் செலவை நான் முதலில் 10,000 என்று போட்டிருந்தேன். நால்வர் குழு என்றால் பயிற்சிக்கு எட்டுப் பேர் வருவார்கள்.

குழுவுக்குப் பணம் கொடுப்பதா என்ற கேள்வி எழும். படத்தில் வருவதற்காக நான் கொடுக்கவில்லை. என் வசதிக்காக ஒருவர் வேலைக்கு விடுப்புப் போட்ட நாளில் அந்த நாள் கூலியைக் கொடுத்தேன். படம் சம்பாதித்தால் பங்கு எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதினேன்.

7. காலம்

ஆடி மாதம் நேர்காணல் வைக்காதீர்கள். அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் வாரங்களில் தெருவுக்கு ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். ஒரு வாக்கியமும் சுத்தமாகக் கிடைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் கருவிகளோடு இந்தப் பக்கம் வருவதே பெரும்பாடு என்பதால், அந்த மாதங்களில் கருவிகளைக் குழு இருக்கும் தெருவிலேயே ஒரு மாடி வீட்டில் வைத்துவிடுங்கள். டிசம்பரில் மார்கழிக் கச்சேரிகளுக்காக நல்ல ஒலிப்பதிவாளர்கள் தென்சென்னைப் பக்கம் போய்விடுவார்கள். அவர்கள் வேண்டுமென்றால் நவம்பர் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, பயிற்சிச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் புகார் வரும், அது நியாயமும்கூட. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதை நிகழ்ச்சிக் காட்சிகளைத் திட்டமிடும்போது நினைவில் வையுங்கள். முக்கியமான பாட்டு 9.58க்கு வந்தால் பாதியில் நின்றுவிடும்.

8. கோப்புகள்

நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடம் கேட்கும். என்னிடம் சேர்ந்தது 71 மணி நேரம், கிட்டத்தட்ட 3.2 டிபி. மூன்று நகல்கள் வைத்து, அதில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். மலிவாகக் கிடைத்த ஒரு மெமரி கார்டு, அட்டையில் போட்டிருந்த அளவில் பாதிக்கு மேல் எழுதியதை விழுங்கிவிட்டது. புதுக் கார்டை முழுக்க நிரப்பிச் சோதித்த பிறகே படப்பிடிப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.

9. முதல் வெட்டைக் குழுவுக்குக் காட்டுதல்

நீங்கள் சம்மதம் வாங்கிய நாளில் இல்லாத பல விஷயங்கள் 19 மாதத்தில் படத்துக்குள் வந்திருக்கும். ஆகவே முதல் வெட்டு (படத்தொகுப்பின் முதல் முழு வடிவம்) தயாரானதும் நால்வருக்கும் வீட்டாருக்கும் காட்டுங்கள், ஆனால் சேர்த்துக் காட்டாதீர்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பதற்கு மற்றவர் சிரிப்பார், உண்மையான மறுப்பு வெளியே வராது. யாருக்கு எதை நீக்கச் சொல்லும் உரிமை உண்டு, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதியிருங்கள். நான் 15 நாள் கொடுத்தேன். இறுதி வெட்டு உங்களுடையது என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும். டிரம்ஸ் வாசிப்பவரின் அம்மா தன் பகுதியைப் பார்த்துவிட்டு, அழும் இடம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, “அந்த நீலப் புடவை நல்லாத்தான் கீது” என்று மட்டும் சொன்னார்.

10. தணிக்கையும் விழாக்களும்

திரையரங்கில் கட்டணக் காட்சி போடுவதானால் தணிக்கைச் சான்று வேண்டும். இணையத்தில் வெளியிட அது தேவையில்லை. திரைப்பட விழாக்களுக்கு விழா அமைப்பாளர்களே விலக்கு வாங்கிக்கொள்வது வழக்கம். மும்பை ஆவணப்பட விழா, திருவனந்தபுரத்தில் கேரளம் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா ஆகிய இரண்டின் விண்ணப்பக் காலத்தையும் முன்பே குறித்துக்கொண்டு அதற்கேற்ப வெட்டை முடியுங்கள்.

தணிக்கைக்கான விண்ணப்பம் இப்போது இணையவழி. சென்னை மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கத்தில் சாஸ்திரி பவனில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி யு, யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ, குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமான எஸ் என ஆறு வகைச் சான்றுகள் உண்டு. ராக் குழுப் படத்தில் சிகரெட் வராமல் இருக்காது. புகைக்கும் ஒவ்வொரு காட்சியிலும் கீழே எச்சரிக்கை வாசகமும், தொடக்கத்திலும் நடுவிலும் அறிவிப்புக் காட்சிகளும் சேர்க்க வேண்டும். கேபிள் சுற்றும் காட்சியில் நால்வரில் இருவர் கையில் சிகரெட் இருந்ததால், என் படத்தின் மிக மென்மையான இடத்தின் கீழே அந்த வாசகம் ஓடுகிறது. மாடியில் புறாக்கூண்டு வரும் காட்சி உங்களிடம் இருந்தால், விலங்குகள் நல வாரியத்தின் சான்றையும் கேட்பார்கள் என்பதால் அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

முழுப் பேச்சையும் பாட்டு வரிகளையும் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியிருக்கும். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்கி, வடசென்னைப் பேச்சு காதுக்குப் பழகிய ஒருவரிடம் கொடுங்கள். நான் முதலில் கொடுத்த தட்டச்சாளர் கேட்டது ஒன்று, எழுதியது வேறு. “கீது” என்பதையெல்லாம் “இருக்கிறது” என்று திருத்தி வைத்திருந்தார். இரண்டாம் முறை பாடகரே பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்தார். நான்கு இரவுகளில் முடிந்தது.